எல்லாவற்றுக்கும் ஒன்பது

அத்தியாயம் 11

அப்பாவின் எடை ஏறிவிட்டது என்று போன வாரம் பெரியவள் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாளே, அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு சரியாக ஏழே நாள்.

இந்தக் கதைக்குள் இன்றைக்குத்தான் காலெடுத்து வைப்பவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், நாற்காலியில் சாய்ந்தபடி மூன்று மணி நேரம் மருந்து ஏற்றிக்கொள்கிறார். எடை நாற்பத்தெட்டு கிலோவுக்குக் கீழே போனால் உடம்பு தாங்காது, மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும் என்று டாக்டர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நாற்பத்தெட்டு என்ற எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பெரியவளுக்கு ஒரு சத்துப் பானக் கம்பெனியில் வேலை. ருசி பார்க்கும் பிரிவு அவள் பொறுப்பு. அப்பாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல், எதை வாயருகே கொண்டுபோனாலும் குமட்ட ஆரம்பித்தபோது, முதலாளியிடம் மல்லுக்கட்டி, இந்த மாதிரி நோயாளிகளுக்கென்றே பட்டாணியும் ஓட்ஸும் பூசணி விதையும் சேர்த்து ஒரு பானம் செய்யத் தொடங்கினாள். இரண்டு மாதமாக வீட்டுக்கும் தினம் இரண்டு பாட்டில் போகிறது. நாற்பத்தெட்டே காலில் ஊசலாடிக்கொண்டிருந்த அப்பா, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, போன வாரம் நாற்பத்தொன்பதரை காட்டினார். ஒன்றே கால் கிலோ. கேட்பவர்களுக்கு அது ஒரு பூசணிக்காய்த் துண்டு. பெரியவளுக்கு அது அப்பா.

சரி, இன்றைக்கு வருவோம்.

வழக்கமாக அப்பாவோடு அம்மாதான் வருவாள். இன்று அம்மாவுக்குச் சளியும் காய்ச்சலும். தும்முகிறவர்களை அந்த வார்டின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பெரியவள் தன் ஐஸ் பெட்டிகளோடு அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டாள். கிளம்பும்போது அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலருகே வந்தாள்.

"நீ உன் டெஸ்ட்டைப் பாரு. எடை பாக்கறப்போ நீ பக்கத்துல நிக்க வேணாம். அவரே பாத்துப்பாரு."

அதென்ன எடை பார்க்கும்போது மட்டும் என்று பெரியவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சிக்னலில் நெரிசல் கூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்கிற அவசரம்.

காரில் அப்பா கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். "நேத்து பாட்டில்ல பேரீச்சை போட்டிருந்தியே, பிரமாதம்மா."

"ரெண்டையும் குடிச்சீங்களா?"

"சொட்டு மிச்சம் வைக்கல."

பெரியவளுக்கு வயிறு குளிர்ந்தது. அப்பா 'பிரமாதம்' என்று சொல்வது சாதாரண விஷயமா? மனிதர் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம், முப்பத்தோரு வருஷம். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே பாதிக் கடைக்காரர்களுக்கு வியர்க்கும். உள்ளே நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். "முதல்ல தட்டைக் காலியாக் காட்டுங்க" என்பார். வெறும் தட்டு பூஜ்யத்தில் நின்றால்தான் மேற்கொண்டு பேச்சே.

வீட்டிலும் அதே ஆள்தான். அம்மா சமைத்ததை அவர் 'பரவாயில்ல' என்று சொன்னால் அன்று அம்மாவுக்குப் பட்டம் கிடைத்த மாதிரி. பிள்ளைகள் தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கிவந்தால் அந்த இரண்டு எங்கே போயிற்று என்று விசாரணைக் கமிஷன் வைப்பார். பெரியவளும் அவள் தம்பியும் பொம்மைக்குப் பதில் பித்தளை எடைக்கற்களை உருட்டித்தான் வளர்ந்தார்கள்.

மருந்தேற்றும் வார்டை ஒட்டி ஒரு சின்ன அறை. ருசி பார்ப்பது அங்கேதான். ஆறு இரும்பு நாற்காலி, ஆறு மேஜை. அப்பா நாலாம் நாற்காலியில் உட்கார்ந்தபோது 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. வீட்டுச் சாவி இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெரியவள் கோப்பைகளை அடுக்கினாள்.

அந்த அறைக்கென்று சட்டங்கள் உண்டு. சென்ட், பவுடர் போட்டுக்கொண்டு யாரும் வரக் கூடாது. எவர்சில்வர் டம்ளர், கரண்டி எதுவும் கிடையாது. மருந்து ஏறியவர்களின் வாயில் ஏற்கெனவே இரும்பு வாடை, அதில் இன்னொரு இரும்பை வைப்பானேன்? மூடி போட்ட காகிதக் கோப்பையும் உறிஞ்சு குழலும்தான். மூடியிருந்தால் மணம் மூக்கில் ஏறிக் குமட்டாது. கோப்பைகளுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசை எண் போட மாட்டார்கள். 218, 709, 461 என்று தாறுமாறாக மூன்றிலக்கத்தில் போடுவார்கள். ஒன்று என்று எழுதினால் அதுதான் உசத்தி என்று மனசு சொல்லுமாம். மனுஷ மனசை அவ்வளவு நம்பாமல் இருக்கிறார்கள்.

ஆளுக்கு ஐந்து கோப்பை. நாலில் ஏலக்காய், பேரீச்சை, வாழைப்பழம், கோகோ. ஐந்தாவதில் இனிப்போ மணமோ எதுவும் சேர்க்காத வெறும் பட்டாணிக் கரைசல் இருக்கும். கசக்கும், நாக்கில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். குடிப்பவர் நிஜமாகவே ருசி பார்த்துத்தான் மார்க் போடுகிறாரா, இல்லை மரியாதைக்குப் போடுகிறாரா என்று தெரிந்துகொள்ள அதை வைப்பது. கம்பெனியில் அதற்குப் பட்டப்பெயர் 'மாமியார்'. என்ன செய்தாலும் சராசரி மூன்று மார்க்கைத் தாண்டியதில்லையாம். மாமியார்கள் என்னை மன்னிக்க வேண்டும், நான் வைத்த பெயர் இல்லை.

இன்று மாமியாரின் எண் 537.

"ஒன்பது ரொம்பப் பிடிச்சிருக்கு, ஒண்ணு சுத்தமாப் பிடிக்கல. கார்டுல பேர் எழுத வேணாம். எனக்காக மார்க் போடாதீங்க, உங்க வாய்க்குப் போடுங்க" என்று பெரியவள் எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

முதல் நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். தொண்டையில் கட்டி. குரல் கரகரவென்று வந்தாலும் வாய் ஓயாது. ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"தங்கச்சி, இந்த 537 இருக்கே, டீசல் டேங்க் கழுவின தண்ணிகூட இதுக்குத் தேவலை."

"அண்ணே, சத்தமாச் சொல்லக் கூடாது. மத்தவங்க மார்க்கு மாறிடும்."

"மாறட்டுமே. நாலு பேரு தப்பிப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

மூன்றாம் நாற்காலியில் ஒரு கணக்கு டீச்சர். தலையில் துணித் தொப்பி. எதையும் பேசாமல் ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டு வந்தவர், ஒரு கோப்பையில் நின்றுவிட்டார். மறுபடி உறிஞ்சினார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இனிக்குதும்மா" என்றார். "ஆறு வாரமாச்சு. இது இனிக்குது."

அவர் கண்ணில் நீர் திரண்டு கோப்பையின் மூடியில் விழுந்தது. பேரீச்சைக் கோப்பை அது. சோதனை நடத்துகிறவள் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பதும் சட்டம். பெரியவள் திரும்பி நின்று ஐஸ் பெட்டியின் மூடியைத் தேவையில்லாமல் திறந்து மூடினாள்.

பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. கார்டுகளை மடித்துப் பெட்டிக்குள் போட்டார்கள். வழக்கமாக அந்தப் பெட்டி அப்படியே கம்பெனிக்குப் போகும். அங்கே ஒரு பெண் பிரித்து, கூட்டி வகுத்து, சராசரியை மட்டும் பெரியவளுக்குக் கொடுப்பாள். இன்று முதலாளி போனிலேயே நின்றார். சாயங்காலம் மிஷினை ஓட்டியாக வேண்டும், எந்த நம்பர் ஜெயித்தது என்று இப்போதே சொல் என்றார். ஆகவே பெரியவள் நர்ஸ்கள் டீ போடுகிற இடுக்கில் நின்றுகொண்டு தானே கார்டுகளைப் பிரித்தாள்.

டிரைவரின் கார்டில் 537-க்கு நேரே ஒன்று போட்டு, அதன் கீழே இரண்டு கோடு. டீச்சர் பேரீச்சைக்கு எட்டு, மாமியாருக்கு இரண்டு. இன்னும் மூன்று பேர் மற்றதுக்கெல்லாம் நாலும் ஐந்தும், மாமியாருக்கு ஒன்றும் இரண்டும்.

அடுத்த கார்டைப் பிரித்தாள்.

ஒன்பது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

பெயர் இல்லாவிட்டால் என்ன? வாலை நீட்டி வலப்பக்கம் சுழித்த அந்த ஒன்பதை அவளுக்குத் தெரியாதா? அவளுடைய ரேங்க் கார்டுகளில் எல்லாம் கையெழுத்துக்குக் கீழே தேதி போட்ட ஒன்பது அது.

மாமியாருக்கும் ஒன்பது.

அம்மாவின் சாப்பாட்டுக்குப் 'பரவாயில்ல' என்று மட்டுமே சொன்ன மனிதர், சுண்ணாம்புத் தண்ணீருக்கு முழு மார்க் போட்டிருக்கிறார். அப்பாவுக்கு ருசியே தெரியவில்லை. எதுவுமே தெரியவில்லை. இத்தனை வாரமும் வந்த சராசரியில் அப்பாவின் ஒன்பதுகளும் கலந்துதானே இருக்கின்றன என்று முதலில் ஒரு எரிச்சல் வந்தது. அது வந்த வேகத்திலேயே போய், நெஞ்சு கனத்தது. ஒரு ருசியும் தெரியாத வாயால் தினமும் இரண்டு பாட்டிலைக் குடித்துவிட்டுப் பிரமாதம் என்கிறாரே!

பேரீச்சை பிரமாதம்.

பெரியவள் நிமிர்ந்தாள். இந்த வாரம் முழுக்க அவள் வீட்டுக்கு அனுப்பியது வாழைப்பழம். பாட்டில் மேலே மஞ்சளாகப் படம்கூட இருக்கும். பேரீச்சைப் பாட்டில் ஒன்றுகூட அனுப்பவில்லை.

ருசி தெரியாமல் போகலாம். எதைக் குடித்தோம் என்றுகூடவா தெரியாது? குடித்திருந்தால்தானே. குடிக்கவில்லையென்றால் எடை எப்படி ஏறியது?

'டங்.'

இரும்பு நாற்காலியில் சாவி இடித்தால் அப்படிச் சத்தம் வராது. பித்தளை இடித்தால்தான் வரும். சின்ன வயசில் தரையில் உருட்டி உருட்டிக் கேட்ட சத்தம்.

போனில் முதலாளி ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார். அவள் துண்டித்துவிட்டு வார்டுக்குள் ஓடினாள்.

அப்பா எடை மெஷின்மேல் நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கம்மா, உங்க அப்பாவைப் பாருங்க. நாப்பத்தொன்பது புள்ளி எட்டு! இந்த வார்டுல ஏறிக்கிட்டே போற ஒரே ஆளு சார்தான். இருங்க, இதை எழுதி மருந்து கலக்குற இடத்துக்கு அனுப்பிடறேன். எடையை வச்சுத்தானே அளவு போடுவாங்க."

அப்பா பெரியவளைப் பார்த்தார். கம்பளிச் சட்டையின் இரண்டு பைகளும் தொங்கின. இரண்டு மாதமாக அது அவள் கண்ணில் படவே இல்லை.

அவள் வாயைத் திறந்தால் மருந்து நின்றுபோகும். மூடிக்கொண்டால், இல்லாத ஓர் உடம்புக்கு அளந்த மருந்து இருக்கிற இந்த உடம்புக்குள் போகும். நர்ஸின் பேனா தாளில் ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்க நேரம் இல்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள்.

"அப்பா," என்றாள். "முதல்ல தட்டைக் காலியாக் காட்டுங்க."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. முப்பத்தோரு வருஷம் அவர் சொன்ன வாக்கியம், யாரும் அவரிடம் திருப்பிச் சொல்லாத வாக்கியம். அவர் முகம் சிவக்கவில்லை, மறுக்கவில்லை. பிடிபட்ட கடைக்காரர்கள் நிற்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

மெஷினைவிட்டு இறங்காமல், கம்பளிச் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஓர் அரைக் கிலோ கல்லை எடுத்து அவள் கையில் வைத்தார். பித்தளை அவர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

49.3.

இன்னொரு பையிலிருந்து இன்னொரு அரைக் கிலோ.

48.8.

இதோடு போதும் சாமி என்று பெரியவள் வேண்டிக்கொண்டாள். இதற்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது, இது போதும்.

அப்பா கால்சட்டைப் பைக்குள் கையைவிட்டு, அதற்கும் உள்ளே எதையோ துழாவி ஒரு கிலோ கல்லை எடுத்தார்.

47.8.

அடுத்த பையிலிருந்தும் ஒன்று.

46.8.

பிறகு அவர் இரண்டு பைகளையும் வெளியே பிதுக்கிக் காட்டினார். தட்டு காலி.

"சார்..." என்றாள் நர்ஸ். எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் புது எண்ணை எழுதினாள். "உங்களுக்குத் தெரியாததா சார்?"

"தெரியும் சிஸ்டர். பொய் எடைக்கு எத்தனை பேர் தராசைப் பூட்டியிருக்கேன்."

பெரியவள் அவர் கண்களைப் பார்க்க முடியாமல் பிதுங்கிக் கிடந்த பைகளைப் பார்த்தாள். பைக்குள் ஒரு பை. காடாத் துணியில், இரட்டை நூலில், நெருக்கி நெருக்கிப் போட்ட பின்தையல். அவள் பள்ளிக்கூடப் பை அறுந்துபோன ஒவ்வொரு தடவையும் தோள்பட்டையில் அந்தத் தையல்தான் விழும். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூட வராது.

டாக்டர் வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளைப் பார்த்தார், மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்த நாலு கற்களைப் பார்த்தார்.

"இன்னிக்கு மருந்து கிடையாது சார். பத்து நாள் தர்றேன். அதுக்குள்ள நாப்பத்தெட்டு வந்தா தொடருவோம். வரலேன்னா மூக்கு வழியாக் குழாய் போடறதைப் பத்திப் பேசணும். அதுக்கும் உங்க உடம்பு ஒத்துழைக்குமான்னு பாக்கணும்." ஏதோ சொல்ல வந்தவர், பெரியவளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

பெரியவள் அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து அதே நாலாம் நாற்காலியில் உட்கார வைத்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. இந்தத் தடவை நாற்காலி சத்தம் போடவில்லை.

"ஏம்பா?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முதல் வாரம் அரைக் கிலோதான் வச்சேன். இந்த ஒரு தடவைன்னு நெனச்சேன். அன்னிக்கு நீ ஓடி வந்து சீட்டை வாங்கிப் பாத்தியே... அப்பா ஏறிட்டாரு, என் பானம் வேலை செய்யுதுன்னு அந்த டிரைவர்கிட்ட, டீச்சர்கிட்ட எல்லாம் காட்டினியே. அந்த மூஞ்சியப் பாத்த பின்னாடி அடுத்த வாரம் எப்படிம்மா இறக்கிக் காட்டுறது? நான் இறங்க இறங்க, கல்லு ஏறிச்சு."

"குடிக்கவே இல்லையா?"

"குடிச்சுப் பாத்தேன். உள்ள நிக்கல. எல்லாம் ஒரே ருசி. தராசுத் தட்டை நக்கின மாதிரி. அந்த ஏலக்கா வாசனை வந்தாலே குடலைப் பொரட்டுது. எனக்காகத்தானே ராத்திரி பகல் பாக்காம பண்றே? அதுவே எனக்கு இறங்கலேன்னு உன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

"அப்போ தினம் ரெண்டு பாட்டிலு? கொட்டினீங்களா?"

"சேச்சே. உங்கம்மா விடுவாளா? அவதான் குடிச்சா. வீட்ல யாருக்காவது ஒட்டட்டும்னு." கொஞ்சம் யோசித்தார். "நாலு கிலோ ஏறிட்டா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அவர் அவள் தலைமேல் கையை வைத்தார். அந்தக் கைக்குக் கனமே இல்லை.

"எனக்கு எதுக்குப்பா மார்க்கு?" என்றாள். "நீங்க இருந்தாப் போதும்ப்பா. எதுவுமே இறங்கலேன்னு சொல்லியிருந்தா வேற எதையாவது பண்ணியிருப்பேனே. அஞ்சுல ஒண்ணுகூடவா?"

அவர் மேஜையிலிருந்த கோப்பைத் தட்டை நோட்டம் விட்டார். ஐந்து கோப்பைகளும் அப்படியே இருந்தன. நாலு கிட்டத்தட்ட நிறைய. மூன்றாவது மட்டும் காலி.

"அந்த மூணாவது போச்சு. ருசி ஒண்ணும் தெரியல. ஆனா வாசனை இல்ல, குத்தல. தன்னால இறங்கிடுச்சு."

பெரியவள் கோப்பையைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். 537.

ஆறு பேரில் ஐந்து பேர் முகத்தைச் சுளித்துத் தள்ளியது. ஏலக்காயும் கோகோவும் வாங்கிவந்து, வாரக்கணக்கில் அளந்து அளந்து சேர்த்து, அவள் எதை மறைக்கப் பாடுபட்டாளோ அது. அப்பாவுக்குத் தேவைப்பட்டது மறைக்காத அந்த ஒன்றுதான். அவர் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அவளுடைய போன் அடித்தது. அம்மா.

பெரியவள் எழுந்து நடைபாதைக்கு வந்தாள்.

"என்னடி, எடை எவ்வளவு?" சளி அடைத்த குரல். எப்போதும் முதல் கேள்வி அதுதான். அப்பா எப்படி இருக்கிறார் என்பது இரண்டாவது.

"நாப்பத்தாறு எட்டும்மா."

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும். இன்னொரு தடவை..."

"மெஷின் சரியாத்தான் இருக்கு. நீதான் பையை ரொம்ப உறுதியாத் தச்சிருக்கே."

அம்மா இல்லை என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. கேட்டது இதைத்தான்:

"மருந்து ஏத்தலையா?"

"ஏத்தலம்மா. பத்து நாள் டைம் குடுத்திருக்காரு. ஏம்மா இப்படிப் பண்ணின? இல்லாத எடைக்கு மருந்து போட்டு ஏதாவது ஆயிருந்தா? நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எதைச் சொல்லச் சொல்ற? போன மாசம் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. இந்த மருந்துதான் கடைசி, இது நின்னா அடுத்துக் குடுக்க வேற இல்லம்மான்னாரு. உங்கப்பாகிட்ட சொல்லல. உன்கிட்டயும் சொல்லல. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அவரு உன் மனசு நோகக் கூடாதுன்னு கல்லைத் தூக்கிட்டு வந்தாரு. நான் ஊசியை எடுத்தேன். நான் வேற என்னடி பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?"

இப்போது அம்மா அழுதாள். நாற்பது வருஷம் 'பரவாயில்ல' என்ற ஒற்றைச் சொல்லுக்காகச் சமைத்தவள், அந்தச் சொல்லும் இனி வராதோ என்று அழுதாள். பெரியவள் சுவரில் சாய்ந்து நின்றாள். டாக்டர் பாதியில் விழுங்கிய வாக்கியம் இப்போது முழுசாகப் புரிந்தது. கடைசி மருந்தை நிறுத்தியது அவள் வாய். சொன்னது நியாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் நியாயம் சொன்ன வாய் இப்படியா உலர்ந்துபோகும்?

"அம்மா, அழாதே. அவரு ஒரு கப்பு குடிச்சிருக்காரு. நிஜமா. முழுசா."

"எதை?"

"மாமியாரை."

"என்னடி உளர்ற?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். சோதனை நடத்துகிறவள் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. அந்தச் சட்டம் இன்றைக்கு எதற்காக உதவப்போகிறது என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.

அறைக்குள் அப்பா அவளுடைய பெட்டியிலிருந்து வெள்ளைக் கார்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடிவிட்டு நீட்டினார்.

அதில் ஒரே ஓர் எண்தான் இருந்தது. 537-க்கு நேரே, இரண்டு.

"இதுதான் சரியான மார்க்கு" என்றார். பழைய ஆய்வாளரின் குரல் அது. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு!

"அவ்வளவு மோசமாப்பா?"

"மோசந்தான்." காலிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னொண்ணு ஊத்து."

பெரியவள் ஊற்றினாள். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. அப்பா அதைச் சுட்டிக்காட்டினார்.

"அளவு குறையுது பாரு."

அவள் மறுபடியும் விளிம்புவரை ஊற்றினாள்.